ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்காரர் மீஞ்சூருக்கு வந்தார். நீ போன பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் உன் வேதாகமம். என்னிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதாம். வாங்கித் திறந்தேன். பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்கு நீ செருகி வைத்திருந்ததெல்லாம் பீஎச் பேப்பர் துண்டுகள். தண்ணீரில் ஆசிட் இருக்கிறதா என்று பார்க்க நம் லேபில் முக்கி எடுப்போமே, அந்த மஞ்சள் காகிதங்கள். ஓசியில் கிடைத்த எதையும் நீ விட்டதில்லை. சில துண்டுகளின் நுனி இன்னும் சிவப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது லேசாக அந்த வாடைகூட வந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவள் வீட்டுக்காரர் முன்னால் சிரிக்கக் கூடாதே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து, பாவம், அவர் ஆறுதல் சொன்னார்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "மாசத்துல ஒரு சனிக்கெழம காலைல கெளம்பி கும்மிடிப்பூண்டி பக்கம் போயிடுவா. இன்னாத்துக்குன்னு கேட்டா ஒரு வேல பாக்கி இருக்குதுன்னு மட்டும் சொல்லுவா. உங்களப் பாக்கத்தான் வந்துக்கினு இருந்தாளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். திருவள்ளூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறி, கும்மிடிப்பூண்டி வண்டியில் நீ போயிருக்கிறாய். அந்த வண்டி மீஞ்சூரில் நிற்காமல் போகாது. மாதம் ஒரு தடவை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஸ்டேஷனில் ஒரு நிமிடம் நின்று, இறங்காமல், கதவோரமாக உட்கார்ந்து நீ தாண்டிப் போயிருக்கிறாய். எந்த ஊருக்குப் போனாய் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஏழு வருஷமாக நான் யாரிடமும் முழுசாகச் சொல்லாத கதை இது. ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்தக் கம்பிக் கம்பெனியில் சேர்ந்தோம். நீ ஷிப்ட் கெமிஸ்ட், நான் உனக்கு அடுத்தவள். கம்பியின் துருவை எடுக்க ஆசிட்டில் முக்குவார்கள். முக்கி முடித்த ஆசிட் தண்ணீர் பின்பக்கத்துத் தொட்டிக்கு வரும். அதில் சுண்ணாம்பு கலந்து விஷத்தைத் தணித்து, டாங்கர் லாரியில் ஏற்றி அனுப்புகிற வரைக்கும் நம் பொறுப்பு. தொட்டிக்கு உதவியாக முனிரத்தினம். எஸ்டேட்டுக்குக் கிழக்கே நாலு வயல் தள்ளி இருக்கிற ஊர்க்காரர், நம்மைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருக்கும் அவர் அண்ணன் ஏழுமலைக்கும் அடுத்தடுத்து நெல்லு நிலம். கம்பெனி வேலையையும் வயலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி தூக்குகிற வேலைக்குக்கூட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார் என்று அவரைக் கிண்டல் செய்வோம்.

அந்தக் கார்த்திகை மழை உனக்கு மறந்திருக்காது. ஐந்து நாளாக டாங்கர் வரவில்லை. தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்து, மேலே மழையும் விழுந்துகொண்டிருந்தது. மானேஜருக்குப் போன் போட்டோம். திறந்துவிடுங்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை. மழைத் தண்ணியோடு தண்ணியாகப் போய்விடும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். கீழ்ச்சாதிக்காரரோ மேல்சாதிக்காரரோ, படித்தவரோ படிக்காதவரோ, தப்பித்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட உத்தரவு வரும். மத்தியானம் இரண்டு மணி. முனிரத்தினத்தைக் கோடவுனுக்குப் போய்ச் சுண்ணாம்பு மூட்டைகளை எண்ணிவிட்டு வரும்படி அனுப்பினேன். அனுப்பியது நான். வால்வைத் திருப்பிக் கால்வாயில் விட்டது நீ. நீ நனைந்துவிடப் போகிறாய் என்று உன் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

மூன்றாம் நாள் மழை விட்டது. கால்வாயெல்லாம் துருப்பிடித்த நிறத்தில் நுரை. பால் பிடிக்கிற பருவத்து நெற்பயிர் வாய்க்கால் ஓரமாகக் கருகிக்கொண்டே போனது. ஊரே கிளம்பிக் கம்பெனி கேட்டுக்கு வந்தது. மானேஜர் நம் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அன்றைய பதிவுப் புத்தகத்தில் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே வெற்றிடமாக இருப்பதைக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அது நிரம்பி இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். உன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், அதனால் எப்போதும் நான்தான் எழுதுவேன். அன்றைக்கும் நானே எழுதினேன். 'வால்வுச் சாவி உதவியாளர் முனிரத்தினத்திடம் இருந்தது. அந்நேரம் அவர் மட்டுமே தொட்டியருகில் இருந்தார்.' கீழே நீ கையெழுத்துப் போட்டாய், அதற்குக் கீழே நான் போட்டேன். போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தோம்.

அவரை அன்றைக்கே நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் விரித்துக் காட்டினார்கள். கேட்டில் நின்ற கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. சொந்த ஊர் வயலில் விஷத்தைத் திறந்துவிட்டவன் என்று பெயராகிவிட்டது. ஏழுமலையின் பயிர்தான் முதலில் போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாரம் உபவாசக் கூட்டத்தில் முழங்காலில் நின்று அழுதேன். நன்றாகவே அழுதேன், முகமெல்லாம் வீங்கிப் போச்சு. ஆண்டவரே, நான் பாவி, மன்னியும் என்று கேட்டேன். எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. பாஸ்டர் ஐயாகூட என் தலையில் கைவைத்து ஜெபித்தார், என்ன பாவம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் சபைகளில் இது ஒரு வசதி. பாவி என்று சொன்னால் போதும், என்ன செய்தாய் என்று யாரும் நோண்ட மாட்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

நீ அழவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, திருவிருந்து. மனசில் தீராத பாவம் இருப்பவர் அந்த அப்பத்தையும் ரசத்தையும் தொடக் கூடாது என்பார்கள். வெள்ளைத் துணி மூடிய தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. நீ வாங்கினாய். ஒரு துண்டும் எடுக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தாய். ஐம்பது பேர் இருக்கிற ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஒருத்தி அப்பத்தை எடுக்காவிட்டால் நூறு கண்கள் பார்க்கும். கிண்ணம் வந்தது, அதையும் தள்ளிவிட்டாய். நான் என்ன செய்தேன்? எடுத்தேன். உன் கையிலிருந்து தட்டை வாங்கி, எடுத்து வாயில் போட்டேன். நானும் எடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்களே.

மூன்று மாதம் இப்படியே நடந்தது. உன் வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றார்கள், உனக்கு வேறு யாரோடோ தொடர்பு என்றுகூட ஒருத்தி சொன்னாள். பாஸ்டர் ஐயா விசாரித்தபோது, ஒருத்தரிடம் போக வேண்டியிருக்கிறது, போய்வந்த பிறகு எடுக்கிறேன் என்றாயாம். மூன்றாவது மாதம் ஆராதனை முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவர் நம்மை எப்போதோ மன்னித்துவிட்டார், நீ ஏன் இன்னும் உன்னையே வதைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று பெரிய பிரசங்கமே வைத்தேன். நீ குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டாய்.

"ஆண்டவரையாடி வேலைய வுட்டுத் தூக்குனாங்க?" என்றாய். "முனிரத்தினத்தத்தான தூக்குனாங்க? நீ யாருகிட்ட போயி மன்னிப்பு கேட்டுக்கினு வந்துகிற?"

எனக்குக் கோபம் வந்தது. உன்னைப் பெரிய பரிசுத்தவதி என்று கிண்டல் செய்தேன். மறுநாள் காலை நீ நேராக மானேஜர் அறைக்குப் போய், வால்வைத் திருப்பியது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். லேப் முழுக்கத் தெரிந்துவிட்டது. நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். உனக்கு என்ன ஆச்சு, இனி எப்படிப் பிழைப்பாய் என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "என் பேர சொன்னியா?"

நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இல்லை. "உன் பேர நான் எப்டி சொல்லுவேன் ஸ்டெல்லா? அது உன் வாயில வரணும்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

உன் தாளை மானேஜர் என்ன செய்தாரோ தெரியாது, அது அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. கிறுக்குப் பிடித்தவள் என்று உன்னைப் பற்றிச் சொன்னார்கள். நீ திருவள்ளூருக்குக் குடிபோய்க் காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தாய். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினாய். உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு நம் சபையில் நான் நன்றி சொல்லி ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தேன். வேலை உயர்வுக்காக! இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் செய்தவள் நான்தான்.

அப்புறம் நமக்குள் என்ன இருந்தது? கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்துப் படம், புது வருஷத்துக்கு ஒன்று. நடுவில் ஒரே ஒரு தடவை, மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் உன்னிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'இன்றைக்கு அந்த ஊருக்கு வர முடியுமா? நீ வந்தால்தான் ஒரு காரியம் ஆகும்.' நான் லேபில் இருந்தேன். பதில் போட்டேன். 'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்.' கூப்பிய இரண்டு கைகளின் படத்தையும் சேர்த்துப் போட்டேன்.

ஜெபிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நம்மவர்களுக்கு இந்த வார்த்தை ரொம்பக் கைகொடுக்கும். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் எவரும் மேலே கேட்க முடியாது. நீயும் கேட்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்து மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாய். அடக்கத்துக்கு வந்தேன். பூமாலை வாங்கி வந்தேன்.

உன் வீட்டுக்காரர் வந்துபோன மறுநாள் திங்கட்கிழமை. முனிரத்தினம் இப்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். உனக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷமாக நான் இறங்கி வருவதைப் பார்த்தால், மேடம் வாங்க, இடம் இருக்கிறது என்று கூப்பிடுவார். பாதி நாள் பார்க்காத மாதிரி நழுவிவிடுவேன். மழை நாட்களில் வேறு வழியில்லாமல் ஏறியிருக்கிறேன். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு நானே தேடிப் போய் ஏறினேன். மற்றவர்கள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நம் கம்பெனிக்குச் சற்று முன்னால், லாரிகள் நிறுத்துகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். சொன்னேன். மூட்டை எண்ண அனுப்பியது, குடை பிடித்தது, எழுதியது, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேனோ, வாய் திறந்ததும் நாலே வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது.

அவர் என்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மேடம்" என்றார். "அந்த மேடம் அப்பவே ஊட்டுக்கு வந்து அவங்க பண்ணத சொல்லிட்டாங்க. எழுதுனது யாருன்னு கேட்டேன், சொல்லல. எனக்கு சொல்லணுமா? ரெண்டு வருசம் நீங்க எழுதிக் குடுத்த சீட்டத்தான எடுத்துக்கினு கோடவுனுக்குப் போனேன். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எண்பத்தாறு மூட்ட எண்ணிக்கினு வந்து சொன்னேன். சரின்னீங்க."

ஏழு வருஷம். ஒவ்வொரு நாளும் என்னை அடையாளம் தெரிந்து, நான் யார், என்ன செய்தவள் என்று தெரிந்து, இடம் இருக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார். ஏன் கூப்பிட்டீர்கள் என்று எப்படியோ கேட்டேன். வண்டியில் இடம் இருந்தது, அதனால் கூப்பிட்டேன் என்றார். நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

மன்னித்துவிடுங்கள் என்று அழ ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் தொறக்கலன்னு எனக்குத் தெரியாதா மேடம்? எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொன்னா இன்னா ஆவப்போவுது? அந்தப் புஸ்தகத்துல எழுதுனத நம்பினுகிறவங்ககிட்ட போய் சொல்லுங்க. எங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க."

அப்புறம்தான் மற்றதைச் சொன்னார். நீ மாதா மாதம் வந்தது அவரைப் பார்க்க அல்ல, அவர் அண்ணனைப் பார்க்க. வால்வைத் திறந்தது நான், உன் தம்பி இல்லை என்று ஏழுமலையிடம் திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவர் நம்பவில்லை. கம்பெனிக்காரன் காட்டிய புத்தகத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது, நீ ஒருத்திதானே வந்திருக்கிறாய், உன் மேல் ஏதோ கோபத்தில் கம்பெனி துரத்திவிட்டதால் இப்படிப் பேசுகிறாய், இன்னொருத்தர் வந்து சொல்லட்டும் என்றிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீ சொன்ன உண்மையை என் கையெழுத்து பொய்யாக்கிக்கொண்டிருந்தது. நீ ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் மீஞ்சூரில் உட்கார்ந்துகொண்டே உன் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அம்மா செத்தப்ப கூட தோள் குடுக்க வுடல மேடம்" என்றார் முனிரத்தினம். "வெசம் வச்சவன் கை படக்கூடாதுன்னுட்டாங்க. தெருமுனைல நின்னுக்கினு பாத்தேன். அந்த மேடமும் அன்னிக்கு வந்து எங்கூட நின்னாங்க. செல்போன பாத்துக்கினே இருந்தாங்க."

எப்போது என்று கேட்டேன். மூன்று வருஷம் ஆகிறது, ஆடி மாதம் என்றார். தேதியும் சொன்னார். இறங்கி, லேபுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தேன். மேலே தள்ளித் தள்ளிப் போனேன். அதே தேதி. நீ அனுப்பியது காலை எட்டே காலுக்கு. என் பதில் எட்டு பதினெட்டுக்கு. பாடையை எடுத்தது பதினோரு மணிக்காம். தவழ்ந்து போயிருந்தால்கூட நான் போய்ச் சேர்ந்திருக்கலாம். லேபிலிருந்து அந்த ஊருக்கு நாலு வயல். ஒரு மனுஷன் பெற்ற தாய்க்குத் தோள் கொடுக்க முடியாமல் நிற்கிறான், நீ போனையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாய், நான் இரண்டு கைகளைக் கூப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாந்தி வந்தது. நிஜமாகவே எடுத்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஏழுமலையைப் பார்க்கப் போனேன். மோட்டார் கொட்டகையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது என்றேன். எழுதியதும் நான், அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை என்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அந்தம்மா மூணு நாலு மாசமா வரலியே" என்றார்.

நீ இறந்துவிட்டாய் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் உன்னைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாராம். கடைசியாக வந்தபோது வெயிலில் உனக்குத் தலைசுற்றி, இதே வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாயாம். பிறகு எழுந்து, தன்னிடம் மட்டும் சொன்னால் போதாது, ஊர் கூடினால் ஊர் முன்னால் வந்து சொல்வாயா என்று கேட்டார்.

ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, அந்தப் பழைய வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. உன்னிடம் மறைத்து என்ன பயன்? ஜெபித்துவிட்டு என்று ஆரம்பிக்கவே போனேன். என்னைப் பற்றி எனக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு கிடையாது. வருகிறேன் என்றேன்.

நடுவில் வெள்ளிக்கிழமை கம்பெனியில் எழுதிக் கொடுத்தேன். மானேஜர் படித்துவிட்டு, அந்த அம்மாதான் செத்துப்போய்விட்டாரே, இப்போது யாருக்காக இது என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். வேலைக்கு வர வேண்டாம், கூப்பிட்டு அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டை மட்டும் எனக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் கூடியது. கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். முனிரத்தினம் கடைசியில், வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் எழுந்து சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். நான் எழுதிய அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே சொல்லி, இது பொய் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார். "ஞாயித்துக்கெழம ஆனா புஸ்தகத்த எடுத்துக்கினு போறவங்கதான நீங்க? அங்க இத்த கேக்கவே மாட்டாங்களா?" என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட்பார்கள், நான்தான் சொல்லவில்லை என்றேன்.

ஏழுமலை எழுந்து கூட்டத்தைத் தாண்டித் தம்பியிடம் நடந்து போனார். ஏழு வருஷமாகப் பேசாதவர்கள். அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், வருகிற ஆடியில் அம்மாவுக்குத் திதி கொடுக்கும்போது நீதான் முன்னால் உட்கார வேண்டும் என்றார். முனிரத்தினம் தலையை ஆட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து எங்கோ நடந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து முனிரத்தினமே வந்து என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். நான் இறங்கியபோது, "அந்த மேடம் இருந்து பாத்திருக்கணும்" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையோடுதான் நான் ரயிலேறினேன். அண்ணனும் தம்பியும் பேசினதைப் பார்க்க வேண்டியவள் நீ. அதற்காகத்தான் அத்தனை சனிக்கிழமைகள் வெயிலில் போனாய். நான் ஐந்து மாதம் முன்னால் போயிருந்தால் பார்த்திருப்பாய். ஒரு வருஷம் முன்னால் போயிருந்தால் ஏழுமலை உனக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார். முனிரத்தினத்துக்குச் செய்ததைச் சொல்ல ஒரு ஆட்டோ இருந்தது, ஏழுமலைக்குச் செய்ததைச் சொல்ல ஒரு வயல் இருந்தது, ஊருக்குச் செய்ததைச் சொல்ல ஒரு கோயில் வாசல் இருந்தது. உனக்குச் செய்ததை எங்கே போய்ச் சொல்வேன்? ஆண்டவரிடம் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றால், அப்படி முடியாது என்று எனக்குச் சொன்னவளே நீதான். அவர் மன்னிப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்குத் தெருமுனையில் பதினோரு மணிவரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது அவர் இல்லை, நீ.

நான் வந்துவிட்டேன். ரொம்பத் தாமதமாக வந்தேன்.